கடைசிக் கல் மட்டும் இரண்டு

என்ன வேலை பார்க்கிறாய் என்று கல்யாண வீடுகளில் கேட்டால் 'சாஃப்ட்வேர்' என்று சொல்லிவிடுவேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிறவர்களிடம் மட்டும், 'தராசு செய்றேன்' என்பேன். விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரிப்பார்கள். ஆனால் என் வேலையை இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் வரைவது ஏ.டி.சி. என்ற சுற்று. மைக்கில் விழும் குரல், காய்ச்சல் பார்க்கும் கருவியில் படும் உடம்புச் சூடு, மார்பில் ஒட்டிய பட்டையில் தெரியும் இதயத் துடிப்பு எல்லாமே கடைசியில் ஒரு மின்னழுத்தமாக ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் படி கிடையாது, வழுக்குப் பாறை மாதிரி. கம்ப்யூட்டருக்கோ படி மட்டும்தான் தெரியும். வழுக்கிக்கொண்டு வரும் ஒன்றை, 'நீ 437-வது படியில் இருக்கிறாய்' என்று ஒரு எண்ணில் நிறுத்துவது இந்தச் சுற்றின் வேலை. அதை அது எடை போட்டுத்தான் செய்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை.

எடை போடுவதை நான் முதலில் பார்த்தது தாத்தாவிடம். மயிலாப்பூரில் கச்சேரி ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் அவர் பத்தர். முன்னறைதான் பட்டறை. உமிக்கரி அடுப்பு, ஊதுகுழல், அரப்பொடி சிந்தாமல் இருக்க மடியில் கட்டிய தோல், கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் சின்னத் தராசு. எடைக்கல் பெட்டி அவருடைய அப்பா காலத்தது. கிராம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பட்டறைக்குள் அவர் கணக்கு தோலாவில்தான் ஓடியது. பெட்டியில் குழி குழியாக வெட்டி, ஒரு தோலா, அரை, கால், அரைக்கால், வீசம் என்று பித்தளைக் கற்கள் உட்கார்ந்திருக்கும். வீசம் மட்டும் இரண்டு. ஏன் தாத்தா கடைசிக் கல் மட்டும் ரெண்டு என்று கேட்டதற்கு, 'கணக்கு முடியணும்ல' என்றார். ஏழு வயதில் அது எனக்குப் புரியவில்லை.

அவர் எடை போடும் விதத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் பெரிய கல். தட்டு சாய்ந்தால் எடுத்துவிட்டு அடுத்த கல். சாயாவிட்டால் அதை விட்டுவைத்து, மேலே அடுத்த கல். இப்படியே கடைசிவரை. எந்தக் கல்லையும் இரண்டாவது முறை தொட மாட்டார். ஒவ்வொரு கல்லும் முன்னதில் பாதி என்பதால் இது போதும்.

தமிழில் எண் படித்தவர்களுக்கு இது வாயிலேயே இருந்திருக்கிறது. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. (மா, காணி, முந்திரி என்று வேறொரு கிளையும் உண்டு, அது இருபதின் கணக்கு.) பழைய ரூபாயும் இதே கட்டுமானம்தான். எட்டணா, நாலணா, ரெண்டணா, ஓரணா, அரையணா, காலணா. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நாணயம் பையில் இருந்தால், காலணாவிலிருந்து பதினைந்தே முக்கால் அணாவரை எந்தத் தொகையையும் சில்லறை கேட்காமல் கொடுத்துவிடலாம். எங்கள் பாஷையில் இதை 6-பிட் என்போம். 1556-ல் இத்தாலியக் கணித அறிஞர் தர்த்தாலியா, 1 முதல் 40 பவுண்டுவரை நிறுக்க 1, 2, 4, 8, 16, 32 என்று எடைகள் வைத்துக்கொண்டால் போதும் என்று எழுதியதை ஏ.டி.சி. புத்தகங்கள் முன்னோடியாகக் காட்டுவது வழக்கம். காட்டட்டும். எனக்கு எட்டணா நாலணாவே போதும்.

படி என்று வந்துவிட்டால் படிக்கு நடுவில் இருப்பது என்ன ஆகும் என்ற கேள்வியும் வந்துவிடும். 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று மாற்றினார்கள். ஓர் அணா ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணா 6 என்று முழுசாக்கினார்கள். மூன்றணா பதினெட்டே முக்கால், அதனால் 19. மூன்றணாவை ஒரே தடவையில் மாற்றினால் 19 கிடைக்கும், ஓரணா ஓரணாவாக மாற்றினால் 18. ஒரு ரூபாயை இப்படி அணா அணாவாக மாற்றியவருக்கு 4 நயா பைசா காணாமல் போயிருக்கும். யாரும் திருடவில்லை. பாட்டிக்கு இந்தக் கணக்கில் கடைசிவரை சமாதானம் இல்லை. நாங்கள் இதைத்தான் குவான்டைசேஷன் பிழை என்ற பெயரில் படிக்கிறோம்.

சரி, சில்லுக்குள் எடைக்கல் எங்கே இருக்கிறது?

அங்கே எடைக்கல் என்பது கபாசிட்டர். இரண்டு உலோகத் தகடு, நடுவில் மின்சாரம் பாயாத ஒரு படலம், அவ்வளவுதான். குடம் மாதிரி, அகலத்துக்கு ஏற்ப மின்னூட்டம் பிடிக்கும். 1975 டிசம்பரில் பெர்க்லியைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்ரியரியும் பால் கிரேயும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது எம்.ஓ.எஸ். என்ற சில்லு வகை மலிவாக வளர்ந்துகொண்டிருந்தது. அதில் துல்லியமான ரெசிஸ்டர் செய்வது கஷ்டம். ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தும் கபாசிட்டர்களை நன்றாகச் செய்யலாம், அடைத்த மின்னூட்டம் எளிதில் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளவும் செய்யலாம். இல்லாததைப் பற்றிப் புலம்பாமல் இருப்பதை வைத்து அவர்கள் தராசு கட்டினார்கள். 10-பிட் தராசு.

அது வேலை செய்வது இப்படி. ஒன்று, அதில் பாதி, அதில் பாதி என்று பத்து கபாசிட்டர்கள். எல்லாவற்றின் ஒரு முனையும் ஒரே கம்பியில் கூடியிருக்கும். முதலில், அளக்க வேண்டிய மின்னழுத்தத்தை எல்லாவற்றிலும் நிரப்புவார்கள். பிறகு அந்தப் பொதுக் கம்பியைத் துண்டித்துவிடுவார்கள். இனி அந்த மின்னூட்டம் எங்கும் போக முடியாது, கூட்டவோ குறைக்கவோ முடியாது, தட்டில் வைத்த தங்கம் மாதிரி. இப்போது மறுமுனைகளைத் தெரிந்த ஒரு மின்னழுத்தத்துக்கு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், பெரிய கபாசிட்டரிலிருந்து ஆரம்பித்து. மாற்றும்போதெல்லாம் அடைபட்ட மின்னூட்டம் தங்களுக்குள் இடம் மாறி உட்காரும், பொதுக் கம்பியின் அழுத்தம் ஏறும். கம்பேரேட்டர் என்ற சின்னச் சுற்று அதைப் பார்த்து ஒரே ஒரு பதில் சொல்லும்: அதிகமா, இல்லையா. அதிகமானால் அந்தக் கபாசிட்டரைப் பழையபடி திருப்பிவிடலாம். இல்லாவிட்டால் அப்படியே விட்டு அடுத்தது.

முழு அளவு 1 வோல்ட் என்று வைத்துக்கொண்டு 0.7 வோல்ட்டை நான்கே கல்லில் நிறுத்துப் பாருங்கள். அரை வைக்கலாம். கால் வைத்தால் முக்காலாகிவிடும், எடு. அரைக்கால் வைக்கலாம், 0.625. வீசமும் வைக்கலாம், 0.6875. விடை 1, 0, 1, 1. பழைய கணக்கில் பதினோரு அணா. மிச்சம் 0.0125 வோல்ட், அதற்குக் கல் இல்லை.

மெக்ரியரியின் வரிசையிலும் கடைசிக் கபாசிட்டர் இரண்டு. பாதி பாதியாகக் கூட்டிக்கொண்டே போனால் முழுசுக்கு எப்போதும் ஒரு கடைசித் துண்டு குறையும் அல்லவா, அதை நிரப்ப இன்னொன்று. அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது அடையாறில் ஒரு பெண்கள் விடுதி அறையில், வேலைக்குச் சேர்ந்த புதிதில். ஐ.ஐ.டி. மதராஸ் பேராசிரியர் சாந்தி பவன் இந்தச் சுற்றுகளைப் பற்றி நடத்திய வகுப்புகள் என்பிடெல்லில் இலவசமாகக் கிடைக்கின்றன. என்னை மாதிரிக் கல்லூரியில் அரைகுறையாகப் படித்துவிட்டு வந்தவர்கள் பலருக்கு அவைதான் உண்மையான கல்லூரி. (டெல்டா-சிக்மா என்ற இன்னொரு வகைத் தராசுக்கு உலகம் முழுக்கப் படிக்கும் பாடநூலின் 2017 பதிப்பில் முதல் பெயர் அவருடையது. எழுதியவர் இருந்த வளாகம் என் விடுதியிலிருந்து ஒரு பஸ் தூரம் என்பதில் எனக்குக் காரணமில்லாத ஒரு பெருமை.) வரிசையின் ஓரத்தில் அந்த இரண்டாவது குட்டிக் கபாசிட்டரைப் பார்த்ததும், 'கணக்கு முடியணும்ல' என்ற குரல்தான் கேட்டது.

தாத்தாவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. காலையில் விளக்கேற்றிவிட்டு வேலை தொடங்குமுன் கற்களை ஒன்றுக்கொன்று நிறுத்துப் பார்ப்பார். ஒரு தட்டில் அரை. மறு தட்டில் கால், அரைக்கால், வீசம், இன்னொரு வீசம். சமமாக நிற்க வேண்டும். அப்புறம் தட்டை மாற்றி வைப்பார், இடதில் இருந்தது வலதுக்கு. தராசின் ஒரு கை நீளமாக இருந்தால் அது இங்கே காட்டிக்கொடுத்துவிடும். வெளியிலிருந்து அத்தாட்சி பெற்ற கல் எதுவும் தேவையில்லை. பெட்டிக்குள் இருப்பவை ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்.

1984-ல் ஹே-சியுங் லீ, ஹாட்ஜஸ், கிரே மூவரும் 15-பிட் ஏ.டி.சி. ஒன்றைத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்படி செய்தார்கள். ஒவ்வொரு கபாசிட்டரையும் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அளக்கும்போது சரிக்கட்டும் முறை. கம்பேரேட்டரின் கோணலை நீக்க இரண்டு உள்ளீடுகளையும் மாற்றி மாற்றிப் போடும் உத்தியும் எங்கள் துறையில் உண்டு. கச்சேரி ரோடு பக்கத்தில் இதெல்லாம் தினம் காலையில் நடந்துகொண்டிருந்தது என்று சொல்லி அறிவியலை மயிலாப்பூருக்குத் தூக்கிவரும் எண்ணம் எனக்கில்லை. எடை போடுகிற எவரும் கொஞ்ச நாளில் இங்கே வந்து சேருவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இத்தனை செய்தும் பத்தரை யார் நம்பினார்கள்? தாய்ப் பொன்னிலும் தட்டான் மாப்பொன் எடுப்பான் என்று பழமொழியே இருக்கிறது. அம்மாவின் நகையிலேயே இருபதில் ஒரு பங்கு. அந்தப் பழமொழியை எங்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னவர்கள் உண்டு. 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்து 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று ஆனபோது நாடு முழுக்கப் பத்தர்கள் பிழைப்பை இழந்தார்கள். தாத்தா கொஞ்ச நாள் பித்தளை விளக்குக்கு மெருகு போட்டார். அதிலிருந்து மீண்டவரால் தி.நகரிலிருந்து மீள முடியவில்லை. பனகல் பார்க், உஸ்மான் ரோடு பக்கம் ஒவ்வொரு மாடியாகக் கடைகள் எழுந்தன. குளிர்சாதனம், மோர், பச்சையாக ஒளிரும் எண். எங்களிடம் மூன்று தலைமுறையாக நகை செய்த குடும்பத்தின் மாமி ஒருவர், ரொம்பப் பிரியமாகத்தான், 'மெஷின்ல பார்த்துட்டா ஒரு நிம்மதி பத்தரே' என்றார். சேதாரம் எவ்வளவு பிடித்தார்கள் என்று தாத்தா கேட்கவில்லை. பாட்டி கேட்டாள்.

2004 வாக்கில் சித்தப்பா ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கிவந்தார், நாமும் வைத்தால் ஆள் வருவார்கள் என்று. கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். தாத்தா அதை ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. மறுநாள் அரப்பொடியைத் தூரிகை நுனியில் தொட்டுத் தொட்டுத் தட்டில் உதிர்த்தார். 0.00. இன்னும் கொஞ்சம். 0.00. கண்ணுக்கே குவியல் தெரிகிற அளவுக்கு வந்தும் 0.00. பிறகு எல்லாவற்றையும் ஒரே தள்ளாகக் காகிதத்தில் தள்ளினார். திரையில் கழித்தல் குறியோடு 0.06.

'பாத்தியா பாப்பா. கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா வாங்கவே இல்லைங்குது. மொத்தமா எடுத்தா நாம கடன்காரன்குது. இது நம்மளவிடப் பெரிய தட்டான்.'

வீடே சிரித்தது. கடைசியில் சிரித்தவர் அவர்தான்.

அந்தத் தராசில் கோளாறு எதுவும் இல்லை. தூசியாலும் சூட்டாலும் பூஜ்யம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மெதுவாக வரும் மாற்றத்தை நகர்வு என்று எடுத்துக்கொண்டு தன்னை மறுபடி பூஜ்யமாக்கிக்கொள்ளும்படிதான் இவற்றைச் செய்கிறார்கள். உள்ளே யாரோ ஒருவர் எடுத்த முடிவு அது. மாமி பார்த்து நிம்மதியடைந்த பச்சை எண்ணுக்குப் பின்னால் எத்தனை கல், எந்தக் கல் எதோடு ஒப்பிடப்பட்டது, எதைக் கணக்கில் விட வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய தராசில் அவ்வளவும் வெளியே தெரிந்தது, அதனால்தான் சந்தேகப்பட முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

என் வேலையில் பாதி நேரம் கற்களைச் சமமாக்குவதில் போகிறது. பெரிய கபாசிட்டரை ஒரே பெரிய தகடாக வரைய மாட்டோம். ஒரே மாதிரிக் குட்டிக் கபாசிட்டர்களை நூற்றுக்கணக்கில் வைத்து, பெரியதற்கு இத்தனை, அடுத்ததற்கு அதில் பாதி என்று பங்கு போடுவோம். சில்லின் ஒரு பக்கம் படலம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரலாம் என்பதால், ஒவ்வொன்றின் பங்கையும் நடுப்புள்ளியைச் சுற்றி எதிரெதிராகச் சிதறி வைக்க வேண்டும். திரையில் பார்த்தால் புள்ளிக் கோலம்தான். ஓரத்துப் புள்ளிகள் எப்போதும் கொஞ்சம் வேறு மாதிரி வெந்துவிடும், அதனால் வெளிவரிசையைக் கணக்கில் சேர்க்காமல் சும்மா நிறுத்தி வைப்போம். ஒரு குட்டிக் கபாசிட்டர் ஒரு ஃபெம்டோஃபாரட் என்றால், 1 வோல்ட்டில் அது பிடிப்பது சுமார் 6,240 எலக்ட்ரான்கள். எண்ணிவிடக்கூடிய கூட்டம்.

நிரப்பும்போதே சூடு அதில் கை வைக்கும். அணுக்களின் நடுக்கத்தால், மூடிய குடத்தில் ஒவ்வொரு தடவையும் மிகச் சிறிதளவு கூடவோ குறையவோ நின்றுவிடும். கே.டி. பை சி இரைச்சல் என்போம். ஒரு பிக்கோஃபாரடுக்கு 27 டிகிரியில் அது சுமார் 64 மைக்ரோவோல்ட். கத்திரி வெயிலில் 42 டிகிரி ஆனால் 66. சென்னைக்காரர்கள் நினைக்கிற அளவுக்கு வெயில் இங்கே வில்லன் இல்லை. குடத்தைப் பெரிதாக்கினால் இரைச்சல் குறையும், பரப்பும் மின்செலவும் ஏறும்.

2019 கோடையில், தண்ணீர் இல்லாமல் ஓ.எம்.ஆர். பக்கத்து அலுவலகங்கள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன ஜூன் மாதத்தில், எங்கள் சோதனைச் சில்லு ஒன்று ஆலையிலிருந்து வந்தது. ஆய்வகத்துக்கு யாராவது போயாக வேண்டும், நான் போனேன், வாட்டர் பாட்டிலோடு. 10-பிட் தராசு, 0 முதல் 1,023 வரை எண்கள். உள்ளீட்டை மிக மெதுவாகக் கீழிருந்து மேலேற்றி, ஒவ்வொரு எண்ணும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவது சோதனை. எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நின்றன. 510-ம் 511-ம் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. 509-க்கு அடுத்து 512.

நடுப் பல் இரண்டு விழுந்த மாதிரி இருந்த அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லோரும் கம்பேரேட்டரைச் சந்தேகித்தார்கள். எனக்கு உடனே தோன்றியது கல். 511 வரைக்கும் சின்னக் கற்கள் எல்லாம் சேர்ந்து நிறுக்கின்றன, 512-ல் பெரிய கல் தனியாக. தாத்தாவின் காலைச் சோதனை நடக்கிற இடமே அதுதான். பெரிய கல் தேய்ந்திருந்தால், 510 அளவு வரும்போதே தட்டு தாங்கும், 'வை' என்று பதில் வந்துவிடும், இரண்டு எண்கள் பிறக்காமலே போகும். தேடிப் பார்த்ததில் பெரியது தேயவில்லை. சின்னவற்றுக்குப் போகும் கம்பிகள் பொதுக் கம்பிக்கு மிகப் பக்கத்தில் ஓடியதால், அவை தங்கள் பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடை காட்டின. மற்றவர்கள் கனத்தால் பெரியவர் தேய்ந்தவராகத் தெரிவார். கம்பிகளை விலக்கி, நடுவில் ஒரு தடுப்பு வைத்தோம். அடுத்த சில்லில் 510-ம் 511-ம் வந்து மற்ற எண்களோடு வரிசையில் நின்றன.

இதைப் பாட்டியிடம் சொன்னேன், கல் தேய்ந்தால் என்ன ஆகும் என்கிற அளவில். அவள் எழுந்துபோய் அந்தப் பெட்டியை எடுத்துவந்தாள். தாத்தா 2014-ல் இறந்த பிறகு யாரும் திறக்கவில்லை. குழிகளுக்குக் கீழே ஒரு துணி, துணிக்குள் இன்னொரு அரைத் தோலாக் கல்.

'வாங்க ஒரு கல்லு, கொடுக்க ஒரு கல்லுன்னு தெருவுல பேசினாங்க. இதைத்தான்.'

'அப்படியா பாட்டி?'

'அது மாமனாரோட கல்லு. தேஞ்சு போச்சுன்னு இவரு புதுசு செஞ்சாரு. பெரியவர் கை பட்டதுன்னு பழசைத் தூக்கிப் போடல.' கொஞ்சம் நிறுத்தி, 'எனக்கு அப்படித்தான் சொன்னாரு' என்றாள்.

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் தோழியின் ஆய்வகத்தில், கிராமில் பத்தாயிரத்தில் ஒன்றுவரை காட்டும் தராசு இருக்கிறது. இரண்டையும் கொண்டுபோய் வைத்தேன். அரைத் தோலா 5.83 கிராம் இருக்க வேண்டும். புதியது அவ்வளவே இருந்தது. பழையது 5.79. நாற்பது மில்லிகிராம், குன்றிமணியில் மூன்றில் ஒரு பங்குகூட நிச்சயமாக இருக்குமா என்று சொல்லும் அளவு. தினம் காலையில் நிறுத்துப் பார்த்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. உருப்பெருக்கியில் அடிப்புறம் பார்த்தேன். அரம் பட்ட தடமா, வெறும் தேய்மானமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பித்தளை அறுபது எழுபது வருஷம் கைமாறினால் எல்லாக் கோடும் ஒன்று போலத்தான் இருக்கிறது.

பாட்டி சொல்வதற்கும் தெரு சொல்வதற்கும் 5.79 ஒரே மாதிரி பொருந்துகிறது. தோழி இன்னும் நான்கு தடவை வைத்துப் பார்த்தாள், கடைசி இலக்கம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். இரண்டையும் பெட்டியிலேயே வை, துணியில் சுற்ற வேண்டாம் என்றார். புதியதைக் குழியில் வைத்து, பழையதைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதற்குக் குழி இல்லாததால் மூடி சரியாக மூடுவதில்லை.